வயல் வேலையும் வெப்ப நோயும்: நோயாளிகளும் குடும்பத்தாரும் ஆள் அமர்த்துவோரும் அறிய வேண்டியவை

காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் பகுதியிலுள்ள தென்னேரி, தன் பெரிய ஏரியாலும் அதன் பாசனத்தில் விளையும் நெல்லாலும் அறியப்பட்ட ஊர். இப்பகுதியில் நவரைப் பருவ அறுவடையும் சொர்ணவாரிப் பருவ நடவும் ஏப்ரல், மே மாதங்களில் அடுத்தடுத்து வருகின்றன. அக்னி நட்சத்திர நாட்களும் இதே காலத்தில் வருகின்றன. ஆகவே ஆண்டில் வேலை மிகுந்திருக்கும் வாரங்களும் வெயில் மிகுந்திருக்கும் வாரங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன.

நீங்கள் வயல் வேலைக்குச் செல்பவராகவோ, அவ்வாறு செல்பவரைப் பராமரிப்பவராகவோ, உங்கள் நிலத்தில் ஆட்களை அமர்த்துபவராகவோ இருக்கலாம். மூவருக்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. வெப்ப நோய் தடுக்கக்கூடியது. அதைத் தடுப்பதில் மருந்தைவிட வேலை நேரம், குடிநீர், ஓய்வு, கூலி முறை ஆகியவற்றின் ஏற்பாடே பெரும்பங்கு வகிக்கிறது.

முக்கியக் குறிப்புகள்

• வெயிலில் வேலை செய்பவர் குழப்பமாகப் பேசினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே 108-ஐ அழையுங்கள். ஊர்தி வரும் வரை உடலில் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே இருங்கள்.
• தாகம் எடுக்கும் வரை காத்திராமல் 20 நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு குவளை நீர் அருந்த வேண்டும்.
• வேலைக்குப் புதியவருக்கும், நோயிலிருந்து மீண்டு வருபவருக்கும் முதல் வாரமே மிகுந்த ஆபத்தானது.
• இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்பவர் கோடை வேலை தொடங்குமுன் மருத்துவரிடம் ஆலோசனை பெற வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

வெப்ப நோய் என்றால் என்ன?

உழைக்கும் உடல் தனக்குள் வெப்பத்தை உண்டாக்குகிறது. வியர்வை ஆவியாகும்போது அந்த வெப்பம் வெளியேறுகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. நீர் நிறுத்திய நடவு வயலில் மேலிருந்து வெயிலும் கீழிருந்து நீராவியும் ஒருசேரத் தாக்குகின்றன. உடல் நீரையும் உப்பையும் இழக்க, நோய் படிப்படியாகத் தோன்றுகிறது.

வெப்பத் தசைப்பிடிப்பு: கெண்டைக்கால், தொடை, வயிறு ஆகிய இடங்களில் வலியுடன் தசை இழுத்துப் பிடிக்கும். இது முதல் எச்சரிக்கை.

வெப்பத் தளர்ச்சி: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மிகுந்த வியர்வை, சோர்வு, விரைவான நாடித்துடிப்பு ஆகியவை காணப்படும். நோயாளி தெளிவாகப் பேசுவார். நிழல், ஓய்வு, நீர் ஆகியவற்றால் பெரும்பாலும் தேறுவார். அரை மணி நேரத்தில் தேறாவிட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

வெப்பத்தாக்கு: பொதுவாக ‘ஹீட் ஸ்ட்ரோக்’ என்று அறியப்படுவது. உடல் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸையோ அதற்கு மேலாகவோ எட்டி, மூளையின் செயல்பாடு தடுமாறுகிறது. குழப்பம், பிதற்றல், வலிப்பு, மயக்கம் ஆகியவை இதன் அடையாளங்கள். வியர்வை நின்றுவிட்டால்தான் வெப்பத்தாக்கு என எண்ண வேண்டாம். கடும் உழைப்பினால் வரும் வெப்பத்தாக்கில் உடல் வியர்வையால் நனைந்தும் இருக்கலாம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

முதியவர், கருவுற்ற பெண்கள், உடல் பருமன் உள்ளோர், காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கிலிருந்து அண்மையில் மீண்டோர், மது அருந்துவோர், நீண்டகால நோய் உள்ளோர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதலாகும்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2017-ஆம் ஆண்டு தொடங்கி, தமிழ்நாட்டில் 800 கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வயல், செங்கற்சூளை, உப்பளம் போன்ற வெப்பம் மிகுந்த பணியிடங்களில் வேலை செய்தவர்கள். வெப்பத்திற்கு உள்ளானோரிடையே கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றின் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஆகவே கருவுற்ற பெண்ணுக்கு வெயில் வேலையைத் தவிர்ப்பதும், நிழலில் செய்யும் மாற்று வேலை தருவதும் சலுகையல்ல, மருத்துவத் தேவை.

தொடர்ந்த வெப்பம் சிறுநீரகத்தைப் பாதிக்குமா?

ஒருநாள் மயக்கத்தோடு வெப்பத்தின் தீங்கு முடிந்துவிடுவதில்லை. உடலில் நீர் குறைந்த நிலையில் நாள்தோறும் கடுமையாக உழைத்தால், சிறுநீரகம் சிறிது சிறிதாகப் பாதிக்கப்படலாம். தமிழ்நாட்டில் 3,350 வேளாண் தொழிலாளர்களிடம் 2023-ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் கண்டறியப்பட்டது. அவர்களுள் சுமார் பாதிப்பேருக்கு நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணங்கள் இல்லை. ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் உழவர்களிடையே இத்தகைய காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் நெடுங்காலமாகக் காணப்படுகிறது. வெப்பமும் நீரிழப்பும் இதற்குரிய முக்கியக் காரணங்களாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பிற காரணங்களும் ஆராயப்பட்டு வருகின்றன.

நடு அமெரிக்க நாடுகளான நிக்கரகுவா, எல் சால்வடார் ஆகியவற்றின் கரும்பு வெட்டும் தொழிலாளர்களும் இந்நோயால் பெரிதும் பாதிக்கப்பட்டனர். அங்கே சில கரும்பாலைகள் தம் வயல்களில் குடிநீர், முறையான ஓய்வு, எடுத்துச் செல்லக்கூடிய நிழற்பந்தல் ஆகிய மூன்றையும் ஏற்படுத்தின. ஓய்வு நேரம் போதிய அளவு கூட்டப்பட்ட இடங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. வேலையின் விளைச்சலும் வீழ்ந்துவிடவில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்தால் போதாது, ஓய்வும் வேண்டும் என்பது அங்கிருந்து கிடைத்த பாடம்.

தொடக்க நிலைச் சிறுநீரக நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறி இராது. ஆகவே பல ஆண்டுகளாக வயலில் உழைப்பவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின், இரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்வது நல்லது.

நோய் இருந்தும் ஏன் ஓய்வெடுப்பதில்லை?

ஓய்வின் தேவையைத் தொழிலாளர் அறியாதவரல்லர். அறிந்தும் எடுக்க இயலாதபடி வேலை அமைந்திருப்பதே பல இடங்களில் உள்ள சிக்கல்.

ஏக்கருக்கு இவ்வளவு எனக் கூலி பேசி ஒரு குழு நடவில் இறங்கும்போது, ஒருவர் கரையேறி உட்கார்ந்தால் அவருடைய பங்கு வேலை மற்றவர் மீது விழுகிறது. ஆகவே தலைசுற்றுபவர் அதை வெளியே சொல்லத் தயங்குகிறார். சொன்னால் மறுநாள் வேலைக்கு அழைக்கமாட்டார்களோ என்ற அச்சமும் உண்டு. வயலருகே மறைவிடம் இல்லாததால் பெண்கள் பலர் காலை முதலே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கின்றனர். இதனால் வெப்ப நோயோடு சிறுநீர்ப்பாதைத் தொற்றும் வருகிறது.

“தண்ணீர் குடியுங்கள்” என்ற அறிவுரை மட்டும் இத்தகையோருக்குப் பயன் தராது. ஆள் அமர்த்துபவர் வேலையின் அமைப்பையே மாற்ற வேண்டும்.

நிலத்தில் ஆட்களை அமர்த்துவோர் செய்ய வேண்டியவை

நேரம்: கோடையில் விடியற்காலையில் வேலையைத் தொடங்கி முற்பகலில் முடிப்பது நன்று. நண்பகல் 12 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வெயிலில் வேலை வேண்டாம். எஞ்சிய வேலையை மாலையிலோ மறுநாள் காலையிலோ தொடரலாம்.

தண்ணீர்: ஒருவருக்கு 20 நிமிடத்திற்கு 250 மி.லி. எனக் கணக்கிட்டால் மணிக்கு 750 மி.லி. ஆகும். பத்துப் பேர் ஐந்து மணி நேரம் வேலை செய்ய ஏறத்தாழ 38 லிட்டர் தேவை. அதாவது 20 லிட்டர் கேன் இரண்டு வைக்க வேண்டும். வரப்பின் ஒரு கோடியில் வைக்காமல் வேலை நடக்கும் இடத்தை ஒட்டி நிழலில் வையுங்கள். ஆளுக்கொரு குவளை இருக்கட்டும்.

ஓய்வு: மணிக்கு ஒருமுறை அனைவரும் சேர்ந்து குறைந்தது பத்து நிமிடம் நிழலில் அமர வேண்டும். கடும் வெயில் நாட்களில் இதைக் கூட்டுங்கள். விருப்பமுள்ளோர் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் எவரும் எடுக்கமாட்டார். குழுவை நடத்துபவர் குரல் கொடுத்து அனைவரையும் கரையேற்ற வேண்டும். ஓய்வு நேரத்திற்குக் கூலி பிடித்தம் செய்யக் கூடாது. ஏக்கர் கணக்கில் கூலி பேசும்போதே ஓய்வு நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பேசுங்கள்.

நிழல்: மரமில்லாத வயலில் நான்கு கழிகளும் ஒரு தார்ப்பாயும் போதும். பக்கங்கள் திறந்து காற்றோட்டம் இருக்க வேண்டும்.

மறைவிடம்: மோட்டார் கொட்டகையை ஒட்டித் தடுப்புக் கட்டியோ, அருகிலுள்ள வீட்டின் கழிப்பறையைப் பயன்படுத்த ஏற்பாடு செய்தோ பெண்களுக்கு வசதி செய்து தாருங்கள். தண்ணீர் வைப்பதைப் போலவே இதுவும் நோய்த்தடுப்பு நடவடிக்கையாகும்.

புதியவர்: வெயிலுக்கு உடல் பழக 7 முதல் 14 நாட்கள் ஆகும். திறந்தவெளிப் பணியில் நேரும் வெப்ப மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை, வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நிகழ்கின்றன என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு குறிப்பிடுகிறது. ஆகவே புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் தந்து, நாள்தோறும் சிறிது கூட்டுங்கள். நோய் காரணமாக ஓரிரு வாரம் வராதிருந்தவரையும் புதியவராகவே கருதுங்கள்.

இருவர் முறை: இருவர் இருவராக ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெப்பத்தாக்கு தொடங்கியவர் தன் நிலையைத் தானே உணரமாட்டார். அருகில் இருப்பவரே கண்டறிய இயலும்.

தண்டனையின்மை: உடல்நலமில்லை என்று சொன்னவரை மறுநாளும் வேலைக்கு அழையுங்கள். இதைக் குழுவினர் முன்னிலையில் கூறுங்கள். நோயை மறைக்கத் தேவையில்லாத இடத்தில்தான் நோய் தொடக்கத்திலேயே வெளிப்படும்.

இவை புதிய எதிர்பார்ப்புகள் அல்ல. 2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் பணியிடங்களில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி, குழந்தைகளைக் கவனிக்க ஏற்பாடு ஆகியவற்றை வகுத்திருந்தது. அந்த அளவுகோலைத் தனியார் நிலத்திலும் பின்பற்றலாம்.

நீண்டகால நோய் உள்ளவர் கவனத்திற்கு

உயர் இரத்த அழுத்தம், இதயநோய்: சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் உடலின் நீர் இழப்பைக் கூட்டலாம். வேறு சில மாத்திரைகள் நாடித்துடிப்பையோ சிறுநீரகத்தையோ பாதிக்கலாம். “நான் வெயிலில் இத்தனை மணி நேரம் வேலை செய்கிறேன்” என்று மருத்துவரிடம் தெளிவாகக் கூறுங்கள். மருந்தின் அளவையோ நேரத்தையோ அவரே மாற்ற வேண்டும். மருத்துவர் கூறாமல் உப்பைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டாம்.

நீரிழிவு: உணவைத் தவிர்த்து வேலைக்குச் செல்லாதீர்கள். இரத்தச் சர்க்கரை தாழ்ந்தாலும் நடுக்கம், வியர்வை, குழப்பம் ஏற்படும். அது வெப்ப நோயைப் போலவே தோன்றும். இனிப்பு ஏதேனும் கைவசம் வைத்திருங்கள். இன்சுலினை வெயிலிலோ இருசக்கர வாகனப் பெட்டியிலோ வைக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஈரமணலில் வைத்த மண்பானையின் உள்ளே, மூடிய சிறு பாத்திரத்தில் நீர் படாமல் வைக்கலாம்.

சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு: நீரின் அளவைக் கட்டுப்படுத்துமாறு மருத்துவர் கூறியிருந்தால், இப்பக்கத்தில் கூறிய அளவு உங்களுக்குப் பொருந்தாது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதால் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் அருந்தக் கூடாது.

வலிமாத்திரை: முதுகுவலி, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக், இப்யூபுரூபன் போன்ற மாத்திரைகள், நீர் குறைந்த உடலில் சிறுநீரகத்தைக் கடுமையாகப் பாதிக்கலாம். நாள்தோறும் வேலைக்குமுன் இவற்றை உட்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

பராமரிப்பவர் வீட்டில் செய்ய வேண்டியவை

• காலையில் நீராகாரம், கேழ்வரகுக் கூழ், மோர் போன்றவற்றில் ஒன்றை அருந்திய பின்னரே வேலைக்கு அனுப்புங்கள்.
• தளர்வான பருத்தி உடை, தலைக்குத் துண்டு அல்லது தொப்பி, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றைக் கொடுத்தனுப்புங்கள்.
• வேலை முடிந்து வந்தவரின் சிறுநீரின் நிறத்தைக் கேட்டறியுங்கள். வெளிர் மஞ்சள் நன்று. அடர் மஞ்சள் நீர்க்குறைவைக் காட்டும். தேயிலை வடிநீர் போன்ற நிறம் தசை அல்லது சிறுநீரகப் பாதிப்பாக இருக்கலாம் என்பதால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.
• ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வீட்டில் இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது கட்டணமின்றிக் கிடைக்கும். பொட்டலம் இல்லாதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்கலாம்.
• இரவில் காற்றோட்டமான இடத்தில் உறங்கச் செய்யுங்கள். உறக்கமின்மை மறுநாள் ஆபத்தைக் கூட்டும்.

வயலில் ஒருவர் மயங்கினால் என்ன செய்வது?

1. நிழலுக்குத் தூக்கிச் செல்லுங்கள். மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஊர், அருகிலுள்ள கோயில் அல்லது மதகு, சாலையிலிருந்து வயலுக்குரிய வழி ஆகியவற்றைக் கூறுங்கள். ஒருவரைச் சாலைக்கு அனுப்பி ஊர்திக்கு வழிகாட்டச் சொல்லுங்கள்.
2. இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள்.
3. மோட்டாரை ஓடவிட்டு, அந்த நீரைத் தலை முதல் கால் வரை தொடர்ந்து ஊற்றுங்கள். மூக்கிலும் வாயிலும் நீர் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துண்டால் விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் ஈரத்துணியோ பனிக்கட்டியோ வையுங்கள்.
4. மூச்சு இருந்து நினைவு இல்லாவிடில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாய்வழி எதையும் கொடுக்காதீர்கள்.
5. பாராசிட்டமால் மாத்திரை வெப்பத்தாக்கின் சூட்டைத் தணிக்காது. அதைக் கொடுக்க வேண்டாம்.
6. ஊர்தி வந்து சேரும் வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். பயணத்தின்போதும் அது தொடர வேண்டும்.

குளிர்விக்காமல் வாகனத்தைத் தேடிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்திற்கும் தீங்கு விளைவிக்கும்.

கவனம்: பூச்சிமருந்து தெளித்த வயலில் மயங்கியவருக்கு வாயில் எச்சில் பெருகுதல், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குதல், மூச்சுத்திணறல், வாந்தி ஆகியவை இருந்தால் அது நஞ்சுப் பாதிப்பாக இருக்கலாம். கையுறை அணிந்து அவருடைய உடைகளைக் களைந்து, உடலைச் சோப்பு நீரால் கழுவுங்கள். மருந்துப் புட்டியை அல்லது அதன் உறையை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

சிகிச்சைக்குப் பின் வேலைக்குத் திரும்புதல்

வெப்பத்தளர்ச்சி வந்தவர் அன்று மீண்டும் வயலில் இறங்கக் கூடாது. வெப்பத்தாக்கிலிருந்து மீண்டவர், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் சோதனை முடிவுகளைப் பார்த்து மருத்துவர் அனுமதித்த பின்னரே திரும்ப வேண்டும். எத்தனை நாள் ஓய்வு, எவ்வகை வேலை என்பதை மருத்துவரிடம் எழுதிப் பெற்று, ஆள் அமர்த்துபவரிடம் காட்டுங்கள். ஒருமுறை வெப்பத்தாக்கு கண்டவருக்கு அது மீண்டும் வரும் வாய்ப்பு கூடுதலாகும்.

அரசு வழங்கும் உதவிகள்

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள் இல்லத்திற்கே வழங்கப்படுகின்றன. வேலைக்குச் செல்வதால் களப்பணியாளரைச் சந்திக்க இயலாதவர், தாம் வீட்டிலிருக்கும் நேரத்தை அவரிடம் தெரிவிக்கலாம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் ‘முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில்’ ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழந்தவரின் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க வகை செய்யப்பட்டுள்ளது. மருத்துவமனையில், நோயாளி வெயிலில் வேலை செய்துகொண்டிருந்த விவரத்தைத் தவறாமல் கூறிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நிவாரணம் குறித்து வட்டாட்சியர் அலுவலகத்தை அணுகலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுநாள் வெயிலில் பழகிய உடலுக்கும் வெப்ப நோய் வருமா?
வரும். பழக்கம் ஓரளவே பாதுகாக்கும். சில வாரங்கள் வேலைக்குச் செல்லாதிருந்தால் அந்தப் பழக்கமும் குறைந்துவிடும்.

ஒரே நேரத்தில் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வேலை செய்யலாமா?
கூடாது. சிறிது சிறிதாக அடிக்கடி குடிப்பதே நல்லது. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து தீங்கு நேரலாம்.

நோய் இருப்பதை ஆள் அமர்த்துபவரிடம் சொல்ல வேண்டுமா?
நோயின் பெயரைக் கூறுவது உங்கள் விருப்பம். ஆயினும் “எனக்கு மணிக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் கூறியுள்ளார்” என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. உடன் வேலை செய்யும் ஒருவரேனும் உங்கள் நோயையும் மருந்தையும் அறிந்திருக்க வேண்டும்.

ஓய்வு கொடுத்தால் வேலை பின்தங்காதா?
வெப்பத்தால் தளர்ந்த உடல் தானாகவே வேகம் குறையும், தவறும் செய்யும். முறையான ஓய்வு அந்த இழப்பைக் குறைக்கிறது. ஒருவர் மயங்கி விழுந்தால் குழுவினர் அனைவரின் அன்றைய வேலையும் நின்றுவிடும்.

உடனடி உதவிக்கு

அவசர ஊர்தி: 108
மருத்துவ ஆலோசனை: 104

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாக இவற்றைக் கொள்ள வேண்டாம். ஐயமிருப்பின் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ காஞ்சிபுரம் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையையோ அணுகவும்.